வாக்கு மிகுதியும் மக்கள் ஆணையும்: பிரித்தானிய, அமெரிக்கத் தேர்தல் முறைகள் – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தேர்தலில் வென்ற தரப்பு 'மக்கள் ஆணை' பெற்றதாகக் கூறுவது மக்களாட்சி நாடுகளில் பொதுவான வழக்கு. பிரித்தானியாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் அவ்வாணை எவ்வாறு உருவாகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இரு நாடுகளிலும் எல்லைக்கோடுகளால் பிரிக்கப்பட்ட நிலப்பகுதிகளுக்குள்ளேயே வாக்குகள் எண்ணப்பட்டு, அப்பகுதியில் மிகுதி பெற்றவருக்கு அதன் முழுப் பயனும் வழங்கப்படுகிறது. இதனால் ஒரு கட்சி எத்தனை வாக்குகள் பெற்றது என்பதோடு, அவ்வாக்குகள் எங்கே விழுந்தன என்பதும் ஆட்சியைத் தீர்மானிக்கின்றது. இப்பொதுத்தன்மை இருந்தும், மக்களின் அதிருப்தி பிரித்தானியாவில் புதிய கட்சிகளாகவும் அமெரிக்காவில் பழைய கட்சிகளின் உட்போட்டியாகவும் வெளிப்படுகின்றது. இவ்வேறுபாட்டின் காரணங்களும், மக்கள் ஆணை என்னும் கருத்தாக்கத்தின் நடைமுறை விளைவுகளும் தேர்தல் முடிவுகளைச் சான்றாகக் கொண்டு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மக்கள் ஆணை, வாக்கு மிகுதி, அறுதிப் பெரும்பான்மை, தேர்வாளர் குழு, முதன்மைத் தேர்தல், தொகுதி மறுவரையறை, விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம்.

முன்னுரை

2024ஆம் ஆண்டு பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய இரு நாடுகளிலும் ஆட்சி மாறியது. ஜூலை 4 அன்று நடந்த பொதுத்தேர்தலில் கெய்ர் ஸ்டார்மர் தலைமையிலான தொழிற்கட்சி 650 இடங்கள் கொண்ட காமன்ஸ் அவையில் 411 இடங்களை வென்றது. நவம்பர் 5 அன்று நடந்த அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டொனால்டு டிரம்ப் 538 தேர்வாளர் வாக்குகளில் 312ஐப் பெற்றார். இருவருமே தமக்குத் தெளிவான மக்கள் ஆணை கிடைத்திருப்பதாகக் கூறினர். ஆனால் தொழிற்கட்சி பெற்ற வாக்குகள் 33.7 விழுக்காடு. டிரம்ப் பெற்றவை 49.8 விழுக்காடு. இருவரில் எவரும் பதிவான வாக்குகளில் பாதியை எட்டவில்லை.

இம்முடிவுகளைப் பற்றிய விவாதங்களில் ஒரு தரப்பினர் இடங்களின் எண்ணிக்கையைக் காட்டி மாபெரும் வெற்றி என்கின்றனர். மற்றொரு தரப்பினர் வாக்கு விழுக்காட்டைக் காட்டி அவ்வெற்றியின் தகுதியையே ஐயுறுகின்றனர். இரு தரப்பினரும் மெய்யான எண்களையே எடுத்துக்காட்டுகின்றனர். அவ்வெண்களுக்கு இடையே நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றும் விதிமுறை குறித்த தெளிவு இல்லாதபோது விவாதம் முடிவின்றி நீள்கின்றது. அவ்விதிமுறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்திய மக்களவைக்கும் மாநிலச் சட்டப்பேரவைகளுக்கும் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை பிரித்தானிய மரபிலிருந்து பெறப்பட்டதே என்பதால், இதன் அடிப்படை தமிழ் வாசகர்க்குப் புதிதன்று.

'பெரும்பான்மை' என்னும் சொல்லின் பொருள்மயக்கம்

தேர்தல் பற்றிய குழப்பங்களில் ஒரு பகுதி சொல்லிலிருந்தே தொடங்குகிறது. பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறுவது ஒன்று. போட்டியிட்ட ஒவ்வொருவரையும்விடக் கூடுதலான வாக்குகளைப் பெறுவது மற்றொன்று. அன்றாடத் தமிழில் இரண்டையும் 'பெரும்பான்மை' என்றே குறிப்பிடும் வழக்கம் உண்டு. ஆங்கிலத்திலும் இச்சிக்கல் வேறு வடிவில் உள்ளது. அமெரிக்கர் 'மெஜாரிட்டி' என்பதைப் பாதிக்கு மேற்பட்ட அளவுக்கும், 'புளூராலிட்டி' என்பதைப் பிறரைவிட மிகுந்த அளவுக்கும் வழங்குகின்றனர். பிரித்தானியத் தேர்தல் வழக்கிலோ, வென்ற வேட்பாளருக்கும் இரண்டாம் இடம் பெற்றவருக்கும் இடையிலான வாக்கு வேறுபாடே 'மெஜாரிட்டி' எனப்படுகிறது.

தமிழ் அரசியல் நடையில் 'தனிப்பெருங்கட்சி', 'அறுதிப் பெரும்பான்மை' ஆகிய சொற்கள் ஏற்கெனவே வேரூன்றியுள்ளன. முன்னது பிறவற்றைவிடக் கூடுதல் இடம் பெற்ற கட்சியையும், பின்னது பாதிக்கு மேற்பட்ட இடங்களையும் குறிக்கின்றது. இவ்வேறுபாட்டை வாக்குகளுக்கும் விரித்து, பிறரைவிடக் கூடுதலாகப் பெற்ற நிலை 'வாக்கு மிகுதி' எனவும், பாதிக்கு மேற்பட்ட நிலை 'அறுதிப் பெரும்பான்மை' எனவும் இக்கட்டுரையில் வழங்கப்படுகின்றன. வாக்கு மிகுதியை இடங்களின் அறுதிப் பெரும்பான்மையாக மாற்றுவதே இவ்விரு நாட்டுத் தேர்தல் முறைகளின் அடிப்படை இயல்பு எனலாம்.

ஒரு தொகுதியின் கணக்கு

இம்மாற்றத்தை நாடளவில் காண்பதற்கு முன் ஒரு தொகுதியளவில் காண்பது பயன் தரும். இங்கிலாந்தின் தென்மேற்கு நார்ஃபோக் தொகுதி அதற்கு நல்ல சான்று. முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் 2019இல் அங்கு 26,000க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றிருந்தார். 2024இல் தொழிற்கட்சி வேட்பாளர் 11,847 வாக்குகளும், பழமைவாதக் கட்சியின் சார்பில் நின்ற டிரஸ் 11,217 வாக்குகளும், ரிஃபார்ம் யூகே வேட்பாளர் 9,958 வாக்குகளும் பெற்றனர். 630 வாக்கு வேறுபாட்டில் தொழிற்கட்சி வென்றது.

வென்றவரின் பங்கு 26.7 விழுக்காடு மட்டுமே. வாக்களித்த நால்வரில் ஏறத்தாழ மூவர் வேறொருவரையே விரும்பினர். எனினும் அத்தொகுதியின் ஒரே இடம் முழுமையாக ஒரு கட்சிக்குச் சென்றது. எஞ்சிய 73 விழுக்காட்டு வாக்குகளுக்கு அவையில் எவ்விதப் பிரதிநிதித்துவமும் அமையவில்லை. வலதுசாரி வாக்குகள் இரு கட்சிகளுக்கிடையே பிரிந்தமையால், வலதுசாரிச் சார்பு மிகுந்த தொகுதியில் இடதுசாரி மரபுக் கட்சி வென்றது. இதுபோன்ற கணக்கு 650 தொகுதிகளிலும் தனித்தனியே நிகழ்ந்து, அவற்றின் கூட்டுத்தொகையே நாட்டின் ஆட்சியாகிறது.

பிரித்தானியா: வாக்கு குறைந்தும் வெற்றி பெருகுதல்

தொழிற்கட்சியின் அண்மைய மூன்று தேர்தல் முடிவுகளை ஒருசேர நோக்கும்போது இம்முறையின் தன்மை தெளிவாகப் புலப்படுகிறது. ஜெரமி கார்பின் தலைமையில் 2017இல் அக்கட்சி 40 விழுக்காடு, அதாவது 1 கோடியே 28 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று 262 இடங்களுடன் தோற்றது. அவர் தலைமையிலேயே 2019இல் 32.1 விழுக்காடு, அதாவது 1 கோடியே 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று 202 இடங்களுடன் படுதோல்வி கண்டது. 2024இல் ஏறத்தாழ 97 இலட்சம் வாக்குகளே பெற்று 411 இடங்களை வென்றது. அதாவது, படுதோல்வி கண்ட ஆண்டைவிடக் குறைந்த எண்ணிக்கையிலான வாக்குகளே அக்கட்சியைப் பெருவெற்றிக்கு இட்டுச் சென்றன.

இதற்கு இரு காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, எதிர்த்தரப்பு பிளவுபட்டமை. 2019இல் 43.6 விழுக்காடு பெற்ற பழமைவாதக் கட்சி 2024இல் 23.7 விழுக்காட்டிற்குச் சரிந்தது. ரிஃபார்ம் யூகே கட்சி 14.3 விழுக்காடு பெற்றது. இரண்டாவது, வாக்குகளின் பரவல். 2017இல் தொழிற்கட்சியின் வாக்குகள் பெருநகரங்களிலும் பல்கலைக்கழக நகரங்களிலும் தேவைக்கு மிஞ்சிக் குவிந்திருந்தன. ஒரு தொகுதியில் வெற்றிக்குத் தேவையானதற்கு மேல் விழும் ஒவ்வொரு வாக்கும் கூடுதல் இடத்தைத் தருவதில்லை. 2024இல் அக்கட்சியின் வாக்குகள் மெலிதாகவும் பரவலாகவும் அமைந்து பல தொகுதிகளில் சிறு வேறுபாட்டு வெற்றிகளைத் தந்தன.

கூடுதல் வாக்கு பெற்ற கட்சி இடங்களில் பின்தங்குவதும் உண்டு. 1951இல் தொழிற்கட்சி பழமைவாதக் கட்சியையும் அதன் தோழமையினரையும்விட ஏறத்தாழ 2.3 இலட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் 295 இடங்களுடன் ஆட்சியை இழந்தது. 321 இடங்களுடன் வின்ஸ்டன் சர்ச்சில் பிரதமரானார். 1974 பிப்ரவரித் தேர்தலில் இது தலைகீழாக நிகழ்ந்தது. 37.9 விழுக்காடு பெற்ற பழமைவாதக் கட்சிக்கு 297 இடங்களும், 37.2 விழுக்காடு பெற்ற தொழிற்கட்சிக்கு 301 இடங்களும் கிடைத்தன. ஆகவே இம்முறை ஒரு குறிப்பிட்ட கட்சிக்கு நிலையாகச் சாதகமானது எனக் கூற இயலாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்த எப்பொதுத்தேர்தலிலும் எந்தத் தனிக்கட்சியும் 50 விழுக்காட்டு வாக்குகளைப் பெறவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

அமெரிக்கா: மாநில எல்லைகளுக்குள் அடங்கும் வாக்கு

அமெரிக்க அதிபரை வாக்காளர் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலமும் பிரதிநிதிகள் அவையில் தனக்குள்ள உறுப்பினர் எண்ணிக்கையோடு செனட் அவையின் இரு உறுப்பினரையும் கூட்டிய அளவில் தேர்வாளர்களைப் பெறுகிறது. தலைநகர் வாஷிங்டனுக்கு 1961இல் நிறைவேறிய 23ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி 3 தேர்வாளர்கள் உண்டு. மொத்தம் 538, வெற்றிக்கு 270 தேவை. 48 மாநிலங்களில், மாநில அளவில் வாக்கு மிகுதி பெற்றவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் உரியர். மேய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரு மாநிலங்கள் மட்டுமே இவ்வெண்ணிக்கையைத் தொகுதிவாரியாகப் பகுக்கின்றன.

இவ்வமைப்பில் இருவகை ஏற்றத்தாழ்வுகள் உள்ளன. ஒன்று மக்கள்தொகை சார்ந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 5.77 இலட்சம் மக்கள் வாழும் வயோமிங் மாநிலத்திற்கு 3 தேர்வாளர்கள். 3 கோடியே 95 இலட்சம் மக்கள் வாழும் கலிஃபோர்னியாவுக்கு 54 தேர்வாளர்கள். வயோமிங்கில் ஏறத்தாழ 1.9 இலட்சம் மக்களுக்கு ஒரு தேர்வாளர் எனில், கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 7.3 இலட்சம் மக்களுக்கு ஒருவர். மற்றொன்று போட்டியின் தன்மை சார்ந்தது. ஒரு கட்சியின் வெற்றி உறுதியான மாநிலங்களில் விழும் கூடுதல் வாக்குகள் பயனற்றுப் போக, போட்டி கடுமையாக உள்ள சில மாநிலங்களின் வாக்குகளே முடிவைத் தீர்மானிக்கின்றன. பரப்புரையும் பெரும்பாலும் அம்மாநிலங்களிலேயே மையம் கொள்கின்றது.

இவற்றுள் இரண்டாவது ஏற்றத்தாழ்வே மிகுந்த விளைவுடையது. 2000ஆம் ஆண்டு ஆல் கோர் நாடு முழுவதும் ஏறத்தாழ 5.4 இலட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். எனினும் ஃபுளோரிடாவில் 537 வாக்குகளில் முந்திய ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 271 தேர்வாளர் வாக்குகளுடன் அதிபரானார். அம்மாநிலத்தில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் பெற்ற வாக்குகள் 97,000க்கும் மேல். 2016இல் ஹிலாரி கிளின்டன் 28 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றும், மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மாநிலங்களில் மொத்தம் ஏறத்தாழ 78,000 வாக்குகளில் பின்தங்கியதால் தோற்றார்.

வென்றவரே மக்கள் வாக்கிலும் முந்தியிருந்த 2020ஆம் ஆண்டு முடிவும் இத்தகைய மெல்லிய இழையிலேயே தங்கியிருந்தது. ஜோ பைடன் 70 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். ஆயினும் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்களில் அவர் முந்தியது மொத்தம் ஏறத்தாழ 43,000 வாக்குகளிலேயே. அம்மூன்றும் கைநழுவியிருப்பின் இருவரும் 269 என்ற சமநிலையில் நின்றிருப்பர். அந்நிலையில் அதிபரைத் தெரிவு செய்யும் பொறுப்பு, மாநிலத்திற்கு ஒரு வாக்கு என்ற அடிப்படையில், பிரதிநிதிகள் அவையைச் சார்ந்திருக்கும்.

செறிந்த ஆதரவும் சிதறிய ஆதரவும்

மூன்றாம் தரப்புகள் இவ்விரு நாடுகளிலும் அடைந்த விளைவுகளை அருகருகே வைத்துக் காணும்போது இம்முறையின் பொதுவிதி வெளிப்படுகிறது. 1968 அமெரிக்கத் தேர்தலில் இனப்பிரிவினைக் கொள்கையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸ் 13.5 விழுக்காட்டு வாக்குகளுடன் ஐந்து தென்மாநிலங்களை வென்று, வேறொரு மாநிலத் தேர்வாளர் ஒருவரின் வாக்கையும் சேர்த்து 46 தேர்வாளர் வாக்குகள் பெற்றார். 1992இல் ராஸ் பெரோ அதனினும் கூடுதலாக 18.9 விழுக்காடு பெற்றும் ஒரு தேர்வாளரைக்கூடப் பெறவில்லை. வாலஸின் ஆதரவு ஒரு வட்டாரத்தில் செறிந்திருந்தது. பெரோவின் ஆதரவு நாடெங்கும் சீராகப் பரவியிருந்தது.

பிரித்தானியாவில் 2015இல் இதே நிலை காணப்பட்டது. ஐக்கிய இராச்சிய விடுதலைக் கட்சி 12.6 விழுக்காடு, அதாவது 38 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று ஒரே ஓர் இடத்தை வென்றது. ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 4.7 விழுக்காட்டு வாக்குகளுடன் 56 இடங்களை வென்றது.

தாராளவாத ஜனநாயகக் கட்சியின் வரலாறு இதற்கு மேலும் ஒரு விளக்கம் தருகிறது. 2019இல் ஏறத்தாழ 11.5 விழுக்காடு பெற்ற அக்கட்சிக்கு 11 இடங்கள், 2024இல் 12.2 விழுக்காட்டிற்கு 72 இடங்கள். வாக்கு விழுக்காடு பெரிதும் மாறாத நிலையில், வெல்லக்கூடிய தென் இங்கிலாந்துத் தொகுதிகளில் உழைப்பைக் குவித்ததும், அங்குப் பழமைவாதக் கட்சி சரிந்ததும் இடங்களை ஆறு மடங்குக்கு மேல் பெருக்கின. அதே தேர்தலில் தாராளவாத ஜனநாயகக் கட்சியைவிடக் கூடுதலாக ஏறத்தாழ 41 இலட்சம் வாக்குகள் பெற்ற ரிஃபார்ம் யூகே கட்சிக்குக் கிடைத்தவை 5 இடங்கள் மட்டுமே.

அதிருப்தி செல்லும் வழி

பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் துவெர்ழே, அரசியல் கட்சிகள் குறித்து 1951இல் வெளியிட்ட நூலில், ஓர் உறுப்பினர் தொகுதியும் வாக்கு மிகுதி விதியும் இணைந்த முறை இருகட்சி அமைப்பை நோக்கி நகரும் என்றார். பெருங்கட்சிகள் பெறும் மிகைப்பயனும், வாக்கு வீணாகும் என்ற வாக்காளரின் அச்சமும் இதற்குக் காரணங்களாகும். அமெரிக்க அதிபர் தேர்தல் இக்கருத்துக்கு இன்றும் சான்றாகின்றது. 2024இல் இரு பெருங்கட்சிகளும் சேர்ந்து 98 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்றன. பிரித்தானியாவில் 1951இல் ஏறத்தாழ 97 விழுக்காடாக இருந்த இரு பெருங்கட்சிகளின் கூட்டுப் பங்கு 2024இல் 57.4 விழுக்காடாகக் குறைந்தது. ஒரே விதி நிலவும் இரு நாடுகளில் எதிரெதிர் விளைவுகள் தோன்றியமைக்கு, அதிருப்தியாளர் நுழைவதற்கான வாயில் வெவ்வேறு இடத்தில் அமைந்திருப்பதே முதன்மைக் காரணம் எனக் கருதலாம்.

1968இல் ஜனநாயகக் கட்சி, முதன்மைத் தேர்தல் எதிலும் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை அதிபர் வேட்பாளராக அறிவித்தது. அதனால் எழுந்த கொந்தளிப்பைத் தொடர்ந்து வேட்பாளர் தெரிவு விதிகள் திருத்தப்பட்டன. 1972 முதல் மாநிலங்களின் முதன்மைத் தேர்தல்களே வேட்பாளரைத் தீர்மானிக்கும் நிலை வளர்ந்தது. குடியரசுக் கட்சியிலும் இம்மாற்றம் பரவியது. இதன் விளைவாக, கட்சித் தலைமை விரும்பாதவரும் கட்சிக்குள் நுழைந்து அதனைக் கைப்பற்ற இயலும். 2016இல் அரசுப் பதவி எதனையும் அதுவரை வகித்திராத டிரம்ப் குடியரசுக் கட்சியின் வேட்பாளரானார். கட்சி சாராத செனட் உறுப்பினரான பெர்னி சாண்டர்ஸ் ஜனநாயகக் கட்சியின் முதன்மைத் தேர்தலில் வலுவான போட்டியாளராக விளங்கினார். மூன்றாம் கட்சி தொடங்க வேண்டிய தேவை அங்கு எழவில்லை.

பிரித்தானியாவில் வேட்பாளரைக் கட்சியின் உறுப்பினரும் தலைமையகமும் இணைந்து தெரிவு செய்கின்றனர். பொதுவாக்காளருக்கு அதில் பங்கில்லை. எனவே கட்சிக்குள் வழி காணாதோர் வெளியேறுகின்றனர். 1981இல் தொழிற்கட்சியின் முன்னாள் அமைச்சர் நால்வர் சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினர். அக்கட்சியும் தாராளவாதக் கட்சியும் அமைத்த கூட்டணி 1983இல் 25.4 விழுக்காடு பெற்று 23 இடங்களோடு நின்றது, 27.6 விழுக்காடு பெற்ற தொழிற்கட்சிக்கு 209 இடங்கள் கிடைத்தன.

எனினும் இடங்களாக மாறாத வாக்குகள் விளைவற்றவை எனக் கருதுவது பிழையாகும். ஐக்கிய இராச்சிய விடுதலைக் கட்சி தம் வாக்குகளைப் பிரிக்கும் என்ற அச்சம் பழமைவாதக் கட்சியைப் பெரிதும் பாதித்தது. ஐரோப்பிய ஒன்றிய உறுப்புரிமை குறித்துப் பொதுவாக்கெடுப்பு நடத்துவதாகப் பிரதமர் டேவிட் கேமரன் 2013 ஜனவரியில் அறிவித்தமைக்கு அதுவும் ஒரு காரணமாகும். 2016 ஜூன் 23 அன்று நடந்த அவ்வாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் வெளியேற்றத்தை ஆதரித்தனர். ஒரே ஓர் இடத்தை வென்ற கட்சி நாட்டின் திசையையே மாற்றியமைத்தது.

எல்லை வரைபவர் யார்?

வாக்கின் பயன் எல்லைக்கோட்டைச் சார்ந்திருப்பதால், கோட்டை வரையும் அதிகாரம் முதன்மை பெறுகின்றது. பிரித்தானியாவில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்கான நான்கு எல்லை ஆணையங்கள் கட்சி சார்பின்றி இப்பணியைச் செய்கின்றன. 2024இல் பயன்பட்ட தொகுதிகளில், சட்டம் விலக்களித்த ஐந்து தீவுத் தொகுதிகள் நீங்கலாகப் பிறவற்றின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 5 விழுக்காட்டிற்கு மேல் வேறுபடலாகாது என்பது விதி.

அமெரிக்காவில் பிரதிநிதிகள் அவைத் தொகுதிகளைப் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றங்களே வரைகின்றன. 1964இல் உச்ச நீதிமன்றம் தொகுதிகளின் மக்கள்தொகை சமமாக இருத்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஆயின், கட்சி ஆதாயத்திற்காக எல்லைகளை வளைப்பது குறித்த வழக்குகளைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என 2019இல் அதே நீதிமன்றம் கூறியது. 2025இல் டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றம் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாகவும், அதற்கு எதிர்வினையாகக் கலிஃபோர்னியா மக்கள் வாக்கெடுப்பின் வழி ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாகவும் எல்லைகளை மாற்றின.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. பிரித்தானியாவில் எல்லைகள் நடுநிலையோடு வரையப்பட்ட பின்னும் 33.7 விழுக்காட்டு வாக்குகள் 63 விழுக்காட்டு இடங்களாயின. நேர்மையான எல்லைவரைவு சூழ்ச்சியைத் தடுக்கும். வாக்குக்கும் இடத்துக்கும் இடையிலான விகிதத்தை அது உறுதி செய்யாது. இவ்விரண்டும் தனித்தனிச் சிக்கல்கள்.

மக்கள் ஆணையின் நடைமுறைப் பயன்

மக்கள் ஆணை என்பது மேடைப்பேச்சோடு முடிவதில்லை. பிரித்தானியாவில் அதற்கு அரசியலமைப்பு மரபு சார்ந்த வலிமை உண்டு. 1945இல் உருவான சாலிஸ்பரி மரபின்படி, ஆளுங்கட்சி தன் தேர்தல் அறிக்கையில் வாக்களித்த சட்டமுன்வரைவைப் பிரபுக்கள் அவை இரண்டாம் வாசிப்பில் தோற்கடிப்பதில்லை. அம்மரபு தோன்றிய காலத்தில் தொழிற்கட்சி பாதியை நெருங்கிய வாக்குகளைப் பெற்றிருந்தது. இன்று மூன்றில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்ற அரசும் அதே மரபின் பாதுகாப்பைப் பெறுகின்றது. அமெரிக்காவில் அதிபரின் ஆணைக்கு இத்தகைய மரபு எதுவும் துணை நிற்பதில்லை. பெரும்பாலான சட்டமுன்வரைவுகள் 100 உறுப்பினர் கொண்ட செனட் அவையில் விவாதத்தை முடிக்க 60 வாக்குகளை வேண்டி நிற்கின்றன. ஆகவே ஒரே சொல் பிரித்தானியாவில் தடையை நீக்கும் கருவியாகவும், அமெரிக்காவில் வற்புறுத்தும் சொல்லாகவும் செயற்படுகின்றது.

மாற்ற முயற்சிகளும் எதிர்வாதங்களும்

வாலஸின் போட்டி ஏற்படுத்திய அச்சத்தால், தேர்வாளர் குழுவை நீக்கும் திருத்தத்தை அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை 1969இல் 338க்கு 70 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. 1970இல் செனட் அவையில் அது முடக்கப்பட்டது. நாடளவில் வாக்கு மிகுதி பெற்றவருக்கே தம் தேர்வாளர்களை அளிப்பதென மாநிலங்கள் செய்துகொள்ளும் உடன்பாடு 2007இல் மேரிலாந்தில் தொடங்கியது. மொத்தம் 270 தேர்வாளர்களைக் கொண்ட மாநிலங்கள் இணைந்தாலே அது நடைமுறைக்கு வரும்.

பிரித்தானியாவில் 2010இல் அமைந்த பழமைவாத – தாராளவாத ஜனநாயகக் கூட்டணி அரசு, விருப்ப வரிசை வாக்கு முறை குறித்து 2011 மே 5 அன்று பொதுவாக்கெடுப்பு நடத்தியது. 67.9 விழுக்காட்டினர் அதனை மறுத்தனர். ஆயினும் ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து அவைகள் விகிதாச்சாரத் தன்மையுடைய முறைகளிலேயே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பிரித்தானிய மரபைப் பின்பற்றிய நியூசிலாந்து 1993 பொதுவாக்கெடுப்பின் வழி கலப்பு விகிதாச்சார முறையை ஏற்று 1996 முதல் அதன்படி தேர்தல் நடத்துகிறது.

நடப்பு முறையை ஆதரிப்போரின் வாதங்களும் வலிமை உடையவை. ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் அறியத்தக்க ஓர் உறுப்பினர் இருப்பதும், வாக்காளர் விரும்பாத அரசை ஒரே நாளில் அகற்ற இயல்வதும் அவர்கள் சுட்டும் நன்மைகளாகும். 1997, 2010, 2024 ஆகிய ஆண்டுகளின் ஆட்சி மாற்றங்கள் அதற்குச் சான்றுகள். தேர்தலுக்குப் பிந்தைய கூட்டணிப் பேச்சில் வாக்காளர் காணாத கொள்கை சமரசங்கள் நிகழும் என்றும் அவர்கள் கூறுவர். அமெரிக்காவில், மாநிலங்களின் ஒன்றியமாகிய நாட்டில் அதிபர் பல வட்டாரங்களின் ஆதரவைப் பெறுதல் வேண்டும் என்பது தேர்வாளர் குழுவை ஆதரிப்போரின் நிலைப்பாடு. ஆயினும், போருக்குப் பிந்தைய பிரித்தானிய அரசுகளுள் பாதிக்கு மேற்பட்ட வாக்காளரின் ஆதரவைப் பெற்றிருந்தது, கூட்டணியாக அமைந்த 2010ஆம் ஆண்டு அரசு மட்டுமே என்பது இவ்விவாதத்தில் நினைவிற்கொள்ளத்தக்கது.

முடிவுரை

பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் தேர்தல் முடிவு என்பது வாக்காளரின் விருப்பமும், அவ்விருப்பம் எண்ணப்படும் எல்லையும் சேர்ந்து உருவாக்கும் விளைவாகும். பிரித்தானியாவில் தொகுதியும் அமெரிக்காவில் மாநிலமும் அவ்வெல்லையாக அமைகின்றன. செறிந்த ஆதரவு பயன் தருவதும், சீராகச் சிதறிய ஆதரவு வீணாவதும், எதிர்த்தரப்பின் பிளவு வெற்றியைப் பெருக்குவதும் இரு நாடுகளுக்கும் பொதுவான விளைவுகள். அதிருப்தி வெளிப்படும் வழி மட்டும், வேட்பாளர் தெரிவு முறைக்கேற்ப, புதிய கட்சியாகவோ உட்கட்சிப் போட்டியாகவோ வேறுபடுகின்றது.

எனவே ஒரு தேர்தல் முடிவை மதிப்பிடும்போது மூன்று வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். வென்றவர் சட்டப்படி வென்றாரா என்பது முதல் வினா. வாக்காளரில் எத்துணைப் பேர் அவரை விரும்பினர் என்பது இரண்டாவது. அவ்விரண்டிற்கும் இடையிலான இடைவெளி எவ்விதியால் ஏற்பட்டது என்பது மூன்றாவது. முதல் வினாவுக்கான விடையை இரண்டாம் வினாவுக்கும் உரியதாகக் கொள்ளும்போது வெற்றியாளரின் ஆணை மிகைப்படுத்தப்படுகின்றது. இரண்டாம் வினாவின் விடையால் முதல் வினாவை மறுக்கும்போது முறையான வெற்றியும் ஐயத்திற்குள்ளாகின்றது. 2024இல் தொழிற்கட்சிக்கு ஆளும் உரிமை ஐயமின்றிக் கிடைத்தது. நாட்டின் பெரும்பாலோர் அதன் திட்டத்தை ஏற்றனர் என்னும் முடிவுக்கு அதே எண்கள் இடந்தரவில்லை. தமிழில் அரசியல் எழுதுவோர் வாக்கு மிகுதியையும் அறுதிப் பெரும்பான்மையையும் இரு வேறு சொற்களால் வழங்குவது இத்தெளிவுக்குத் துணைபுரியும்.